இணைந்து பெற்ற விடுதலை: பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் அரசியல் பயணம்

(சித்தூரிலும் திருப்பதியிலும் மாணவர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அடிமைப்பட்ட நாடு விடுதலை பெற்றது என்றவுடன் நம் மனக்கண்ணில் எழும் காட்சி ஒன்றே. அயலாரின் கொடி இறங்குகிறது. புதிய கொடி ஏறுகிறது. உலக வரைபடத்தில் புதியதோர் நாடு இடம் பெறுகிறது. ஆயினும் எல்லாக் குடியேற்றப் பகுதிகளும் இவ்வழியில் விடுதலை எய்தவில்லை. தனி நாடாக நிற்காமல், ஏற்கெனவே விடுதலை பெற்றுவிட்ட அண்டை நாட்டுடன் இணைந்து, அந்த இணைப்பின் வாயிலாகவே விடுதலை பெற்ற பகுதிகளும் உண்டு.

1960 டிசம்பர் 15ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 1541ஆம் தீர்மானம் இதனை முறைப்படி ஏற்றுக்கொண்டது. தன்னாட்சி பெறாத ஒரு நிலப்பகுதி முழுத் தன்னாட்சி அடைவதற்கு அத்தீர்மானம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. தனி நாடாதல் முதல் வழி. விடுதலை பெற்ற நாடொன்றுடன் தன் விருப்பப்படி கூட்டுறவு கொள்ளுதல் இரண்டாவது. அத்தகைய நாடொன்றுடன் முழுமையாக இணைதல் மூன்றாவது. மூன்றாவது வழிக்கு ஒரு நிபந்தனையும் விதிக்கப்பட்டது. இணையும் மக்கள் நிலைமையை முழுமையாக அறிந்து, தம் விருப்பத்தைச் சுதந்திரமாகத் தெரிவித்திருக்க வேண்டும். இணைந்தபின் அவர்களுக்கு நிகரான உரிமைகள் கிடைக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எழுதப்படுவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நம் தென்னகத்தில் அத்தகைய இணைப்பொன்று நடந்தேறியது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியாவுடன் இணைந்ததையே குறிப்பிடுகிறேன். அதனைப் பற்றிச் சித்தூரிலும் திருப்பதியிலும் பேசுவது பொருத்தமே. வரைபடத்தில் வரையப்படும் ஒரு கோடு ஒரு குடும்பத்தின் பள்ளிக்கூடம், நீதிமன்றம், வரி, வேலைவாய்ப்பு ஆகிய அனைத்தையும் எவ்வாறு மாற்றும் என்பதை இவ்வட்டாரத்து மக்கள் நன்கறிவர்.

திட்டுத் திட்டாக ஒரு நாடு

முதலில் நிலப்பரப்பைப் பார்ப்போம். பொருளாதாரம் பயின்றவர்களுக்கு வரைபடத்திலிருந்தும் கணக்கிலிருந்தும் தொடங்குவதே வழக்கம். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபொழுது பிரான்சின் வசம் ஐந்து பகுதிகள் இருந்தன. வங்கத்தில் சந்திரநாகூர், தமிழகக் கடற்கரையில் புதுச்சேரியும் காரைக்காலும், மலபார்க் கரையில் மாஹே, கோதாவரிக் கரையில், காக்கிநாடாவுக்கு அருகே ஏனாம். சந்திரநாகூர் நீங்கலான நான்கின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 490 சதுர கிலோமீட்டர். மாஹே 9 சதுர கிலோமீட்டர், ஏனாம் 30. புதுச்சேரியிலிருந்து மாஹே 600 கிலோமீட்டருக்கும், ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நான்கிலும் வாழ்ந்தோர் 3,69,079 பேர்.

புதுச்சேரியும் ஒரே துண்டு நிலமாக அமைந்ததன்று. தென்னார்க்காட்டுக் கிராமங்களும் பிரெஞ்சுக் கிராமங்களும் ஊடும் பாவுமாகக் கலந்து கிடந்தன. ஒரு விவசாயி தன் நிலத்திலிருந்து சந்தைக்குச் செல்லும் வழியில் இருமுறை எல்லையைக் கடக்க நேர்ந்தது. எல்லையின் இருபுறமும் ஒரே மொழி, ஒரே பயிர், ஒரே உறவு முறை. சட்டம் மட்டும் வேறு.

சட்டம் வேறாக இருந்தமையின் விளைவை ஏனாம் நன்கு காட்டும். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்டது. ஏனாமில் அது செல்லாது. ஆகவே சுற்றுப்புறத் தெலுங்கு மாவட்டங்களிலிருந்து சிறுவர் சிறுமியரை அழைத்து வந்து ஏனாமில் மணம் முடித்துச் சென்றனர். கோட்டுக்கு அப்பால் சில அடி நடந்தால் ஒரு சீர்திருத்தச் சட்டம் செயலற்றுப் போனது.

சுங்க வரியிலும் இதே நிலைதான். 1941இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி பிரெஞ்சுப் பகுதிகள் இந்தியச் சுங்க அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. 1949இல் அவ்வுடன்பாடு முடிவுற்றது. அதன்பின் புதுச்சேரி வரியற்ற துறைமுகம் போலாயிற்று. வெளிநாட்டுப் பொருள்கள் அங்கு வந்திறங்கி, எல்லை வழியே இந்தியாவுக்குள் கடத்தப்பட்டன. இந்திய அரசு எல்லையெங்கும் சுங்கச் சாவடிகளை அமைத்தது. சிலருக்குப் பெருஞ்செல்வம் சேர்ந்தது. பெரும்பாலோருக்கு அன்றாட வாழ்வே இடர்ப்பாடாயிற்று. உணவுப் பொருள், எரிபொருள், மூலப்பொருள் அனைத்திற்கும் சூழ்ந்திருந்த இந்திய நிலத்தையே நம்பியிருந்த பகுதி, அந்நிலத்திலிருந்து பிரிந்து நிற்பதன் விலையைக் கொடுத்தது. இணைப்புக்கான கோரிக்கை உணர்ச்சியிலிருந்து மட்டும் எழவில்லை; அங்காடிக் கணக்கிலிருந்தும் எழுந்தது.

விடுதலை உணர்வின் வேர்கள்

இவ்வியக்கத்தின் தொடக்கத்தைத் தொழிலாளரிடையே காண வேண்டும். புதுச்சேரியின் பொருளாதாரத்துக்கு அன்று முதுகெலும்பாக விளங்கியவை பஞ்சாலைகள். 1936 ஜூலை 30ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது; பன்னிருவர் உயிரிழந்தனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட தொழிலாளர் உரிமைகள் கிடைத்தன. கூலி கேட்டு எழுந்த குரலே பின்னர் அரசியல் விடுதலை கேட்கும் குரலாக வளர்ந்தது.

1947இல் இந்தியா விடுதலை பெற்றதும், பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலம் பேச்சுவார்த்தைக்கு வந்தது. மசூலிப்பட்டினம், கோழிக்கோடு, சூரத் முதலிய ஊர்களில் பிரெஞ்சு வணிகக் குழுவின் காலத்திலிருந்து எஞ்சியிருந்த சிறு மனையிடங்களைப் பிரான்ஸ் அவ்வாண்டு அக்டோபரிலேயே விட்டுக்கொடுத்தது. ஐந்து பகுதிகளைப் பொறுத்தவரை, மக்களின் கருத்தறிந்து முடிவு செய்வதென 1948 ஜூனில் இரு அரசுகளும் உடன்பட்டன.

பிரான்ஸ் இதனை வலியுறுத்தியதற்குச் சட்டக் காரணமும் உண்டு. தொடர்புடைய மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் பிறருக்குக் கொடுத்தல் செல்லாது என்று 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு கூறியது. காலம் கடத்துவதற்கு அப்பிரிவு ஒரு சாக்காகவும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அதில் பொதிந்திருந்த கொள்கை பழுதற்றது.

சந்திரநாகூரில் 1949 ஜூன் 19ஆம் நாள் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் இணைய 7,463 பேரும், பிரெஞ்சு ஆட்சியில் நீடிக்க 114 பேரும் வாக்களித்தனர். 1950 மே 2ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1951இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1952இல் அந்நகரம் சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று. 1954 அக்டோபரில் அது மேற்கு வங்க மாநிலத்துடன் கலந்துவிட்டது.

தெற்கே நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தலில் பிரெஞ்சு ஆதரவுக் கட்சியே பெரும்பான்மை பெற்றது. தேர்தல்களில் முறைகேடும் அச்சுறுத்தலும் மலிந்திருந்தன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இச்சூழ்நிலையில் நடக்கும் வாக்கெடுப்பு நேர்மையாக அமையாது என்று கருதிய இந்திய அரசு, வாக்கெடுப்பு யோசனையையே பின்னர்க் கைவிட்டது. பேச்சு முடங்கியது.

1954: திருப்பம்

முடக்கம் கலைந்தது 1954இல். பிரெஞ்சு ஆதரவுக் கட்சியின் தலைவராக விளங்கிய எதுவார் குபேர் தம் நிலையை மாற்றிக்கொண்டார். மார்ச் 18ஆம் நாள், வாக்கெடுப்பின்றி இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று நகராட்சித் தலைவர்கள் தீர்மானம் செய்தனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டு, தற்காலிக ஆட்சியமைப்பொன்று தோன்றியது. ஜூன் 13ஆம் நாள் ததால ரபேல் ரமணய்யா முதலானோர் முன்னிற்க ஏனாம் விடுபட்டது. ஜூலை 16ஆம் நாள் மாஹேயில், ஐ. கே. குமாரன் தலைமையில் திரண்ட மக்களிடம் பொறுப்பை விட்டுப் பிரெஞ்சு அதிகாரி வெளியேறினார். இதே காலத்தில் இந்திய அரசும் எல்லைப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளைக் கடுமையாக்கியிருந்தது.

இந்நிகழ்ச்சிகளைத் தனித்து நோக்கினால் முழு உண்மை புலப்படாது. அவ்வாண்டு மே 7ஆம் நாள் வியட்நாமின் தியன் பியன் பூ என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஜூனில் மெந்தெஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஜூலையில் ஜெனீவா உடன்பாடு ஏற்பட்டது. தொலைதூர உடைமைகளைப் படைபலத்தால் காப்பாற்ற இயலாது என்பது பாரிசுக்குப் புரிந்தது. இந்தோசீனாவில் வீசிய காற்று புதுச்சேரியின் கடற்கரையிலும் வீசியது எனலாம்.

கீழூர்த் தீர்ப்பு

1954 அக்டோபர் 18ஆம் நாள், புதுச்சேரியை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில், பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். இணைப்பை ஆதரித்து 170 பேரும் எதிர்த்து 8 பேரும் வாக்களித்தனர். மூன்றாம் நாள், அக்டோபர் 21இல், புது தில்லியில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியத் தூதரக அதிகாரியாக அங்குப் பணியாற்றிய கேவல் சிங் முதல் தலைமை ஆணையரானார்.

மாணவ நண்பர்கள் இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுப்பலாம்; எழுப்பவும் வேண்டும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் எதிர்காலத்தை 178 பேர் முடிவு செய்தது முறையா? சந்திரநாகூரில் மக்களே வாக்களித்தனர். தெற்கே மக்களின் பிரதிநிதிகள் வாக்களித்தனர். மேலும், அப்பிரதிநிதிகளில் பலர், முறைகேடு நிறைந்தவை என்று இந்தியாவே குறைகூறிய தேர்தல் முறையின் வழியே வந்தவர்கள். அவர்கள் பிரான்சை ஆதரித்தபொழுது ஐயத்துக்குரியவர்கள், இந்தியாவை ஆதரித்தபொழுது நம்பத்தக்கவர்கள் என்று கொள்ளுதல் தருக்கத்துக்குப் பொருந்தாது.

என் கருத்து இதுதான். கீழூர் வாக்கெடுப்பு குறையற்ற முறையன்று. ஆனால் அதன் முடிவு மக்களின் மனப்போக்குக்கு மாறானதும் அன்று. ஏனாமும் மாஹேயும் அதற்கு முன்பே விடுபட்டிருந்தன. நெட்டப்பாக்கம் போன்ற உள்ளூர்ப் பகுதிகள் பிரெஞ்சு நிர்வாகத்தின் பிடியிலிருந்து நழுவியிருந்தன. தொழிலாளர் இயக்கமும், அதுவரை அதற்கு எதிரணியில் நின்றவர்களும் இணைப்பு என்ற ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். எனினும் முறையில் ஒரு குறை இருந்தால், அதனை ஈடுசெய்யும் கடமை பின்வரும் ஆட்சிக்கு உண்டு. இணைப்புக்குப்பின் தரப்படும் உறுதிமொழிகளும் அவை காக்கப்படும் விதமுமே அந்த ஈடு. ஆகவே கீழூரைக் காட்டிலும் கூர்ந்து கற்க வேண்டியது அதன்பின் வந்த எட்டு ஆண்டுகளை.

எட்டு ஆண்டு இடைக்காலம்

1954 நவம்பர் 1ஆம் நாள் கைமாறியது ஆட்சிப் பொறுப்பு மட்டுமே. சட்டப்படியான உரிமை கைமாறவில்லை. அதற்கான ஒப்பந்தம் 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தாயிற்று. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதற்கு ஒப்புதல் அளிக்க 1962 ஆயிற்று. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருக்கையில், ஒரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தை அவையின்முன் வைக்கப் பிரெஞ்சு அரசுகள் தயங்கின. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவின் பகுதியாயிற்று.

இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் புதுச்சேரி இந்தியாவால் ஆளப்பட்டது. எனினும் சட்டத்தின் கண்ணில் அது இந்திய நிலப்பகுதி அன்று. இது வெறும் ஏட்டுச் சிக்கலாக நிற்கவில்லை. பேருந்து வழித்தட அனுமதி பற்றிய வழக்கொன்று உச்ச நீதிமன்றம் வரை சென்றபொழுது, புதுச்சேரி இந்தியாவின் பகுதியா என்ற கேள்வியே முன்னின்றது. மத்திய அரசின் கருத்தையும் கேட்டறிந்தபின், அன்றைய நிலையில் அது இந்திய நிலப்பகுதி அன்று என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. கொடி மாறி ஏழாண்டுகள் கடந்தபின்னரும், ஒரு பேருந்து உரிமையாளரின் மேல்முறையீட்டு உரிமை பாரிசில் நிலுவையிலிருந்த ஓர் ஒப்புதலைச் சார்ந்திருந்தது. அரசியல் முடிவுக்கும் சட்ட முடிவுக்கும் இடையில் உள்ள இடைவெளியில் சிக்கித் தவிப்பவர் எப்பொழுதும் சாதாரணக் குடிமக்களே. அலுவலர்கள் இதனை நினைவில் இருத்த வேண்டும்.

ஒப்பந்தத்தில் அடங்கியவை

1954ஆம் ஆண்டு உடன்பாட்டையும் 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் படிப்போருக்கு ஒன்று தெளிவாகும். அவற்றில் பெருமுழக்கங்கள் குறைவு. சின்னஞ்சிறு ஏற்பாடுகள் மிகுதி.

அலுவலர் நிலை முதலாவது. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட பணித் தொகுதியினர் நீங்கலாக, உள்ளூர் அரசு ஊழியர் அனைவரையும் இந்திய அரசு தன் பணியில் ஏற்றுக்கொண்டது. அவர்களின் ஊதியம், பணி நிபந்தனைகள் ஆகியவற்றுக்கு உறுதி தரப்பட்டது. ஆட்சி மாறினால் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று அஞ்சிய எழுத்தருக்கும் ஆசிரியருக்கும், இந்த ஒரு பிரிவு எந்த மேடைப் பேச்சையும்விட ஆறுதல் அளித்திருக்கும்.

குடியுரிமை இரண்டாவது. அப்பகுதிகளில் பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். ஆயினும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இந்தோசீனாவிலும் பிரான்சிலும் பணி செய்து வந்தவர்களுக்கு வேறு விதி அமைந்தது. இவ்வேற்பாட்டின் பயனாகப் புதுச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உடைய தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பிரான்சின் தேர்தல்களில் அவர்கள் வாக்களிக்கின்றனர்.

மொழியும் பண்பாடும் மூன்றாவது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று ஒப்பந்தம் கூறிற்று. பிரெஞ்சுக் கல்வி நிறுவனங்கள் தொடர்ந்தன. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்தியவியலிலும் தாவரவியலிலும் இன்றளவும் பணியாற்றி வருகிறது. சட்டத் துறையிலும் அவசரம் காட்டப்படவில்லை. இந்தியச் சட்டங்கள் 1963 முதல் படிப்படியாகவே அப்பகுதிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டன. 1881ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் தனி நிலையும் பாதுகாக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு. 1954 நவம்பருக்கு முன் நிலவிய தனி நிர்வாக நிலையின் பயன் அப்பகுதிகளுக்குத் தொடரும். அதில் அரசியலமைப்பு மாற்றம் செய்ய வேண்டுமாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தபின்னரே செய்யலாம் என்பது அதன் கருத்து. 1962ஆம் ஆண்டின் 14ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1963இல் சட்டமன்றத்துடன் அமைந்த ஒன்றியப் பகுதியும் இவ்வடித்தளத்தின்மீது எழுந்தவையே. மொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் ஏனாம் ஆந்திரத்துக்கும், மாஹே கேரளத்துக்கும், மற்றவை தமிழகத்துக்கும் சென்றிருக்கும். அவ்வாறு நேராமைக்குக் காரணம் இந்த உறுதிமொழி.

உறுதிமொழி சோதிக்கப்பட்டபொழுது

உறுதிமொழியின் வலிமை அது எழுதப்படும் நாளில் தெரிவதில்லை. மீற முற்படும் நாளில் தெரியும். 1979இல் புதுச்சேரியை அண்டை மாநிலத்துடன் இணைக்கும் எண்ணத்தை அன்றைய மத்திய அரசு வெளியிட்டது. உடனே அங்குப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அந்த எண்ணம் கைவிடப்பட்டது. இந்தியாவுடன் இணைவதற்காகப் போராடிய அதே மக்கள், தமிழ்நாட்டில் கரைந்துபோவதை ஏற்கவில்லை. இதில் முரண்பாடு எதுவுமில்லை. நாட்டுடன் இணைதல் வேறு. தன் அடையாளத்தை இழத்தல் வேறு.

கோவாவிலும் இதனையே காண்கிறோம். போர்த்துகல் பேச்சுவார்த்தைக்கு இணங்காமையால் 1961 டிசம்பரில் படை நடவடிக்கையின் மூலம் கோவா விடுவிக்கப்பட்டது. பின்னர், மகாராஷ்டிரத்துடன் சேர்வதா, ஒன்றியப் பகுதியாக நீடிப்பதா என்ற கேள்வி மக்கள்முன் வைக்கப்பட்டது. 1967 ஜனவரி 16ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில், தனித்து நீடிக்க 1,72,191 பேரும், சேர 1,38,170 பேரும் வாக்களித்தனர். மக்களைக் கேட்டறிந்து பெற்ற அந்த விடை பின்னர் எவராலும் மறுக்கப்படவில்லை. 1987இல் கோவா தனி மாநிலமாயிற்று.

பிற நாடுகளின் அனுபவம்

ஆப்பிரிக்காவில் இதே வழியில் சென்ற மூன்று பகுதிகளின் கதை ஒப்புநோக்கத்தக்கது. பிரிட்டிஷ் தோகோலாந்து 1956 மே மாத வாக்கெடுப்பில் 58 விழுக்காட்டு வாக்குகளுடன் கோல்டு கோஸ்டுடன் இணைய முடிவு செய்தது. 1957 மார்ச் 6ஆம் நாள் கானாவின் பகுதியாக விடுதலை பெற்றது.

பிரிட்டிஷ் சோமாலிலாந்து 1960 ஜூன் 26ஆம் நாள் விடுதலை பெற்று, ஜூலை முதல் நாளே தெற்கே இருந்த இத்தாலியப் பொறுப்புப் பகுதியுடன் இணைந்து சோமாலியக் குடியரசாயிற்று. ஐந்தே நாளில் நடந்த அவ்விணைப்புக்கு இரு தரப்பும் ஒப்பிய ஒரே வாசகம்கூட இருக்கவில்லை. 1991இல் வடபகுதி பிரிந்து செல்வதாக அறிவித்தது.

தெற்குக் கேமரூன் நமக்கு மேலும் நெருக்கமான பாடம். 1961 பிப்ரவரி 11ஆம் நாள் அம்மக்களிடம் இரண்டே வழிகள் வைக்கப்பட்டன: நைஜீரியாவுடன் சேர்வது அல்லது கேமரூன் குடியரசுடன் சேர்வது. தனி நாடாதல் என்ற வழி தரப்படவில்லை. 2,33,571 பேர் கேமரூனையும் 97,741 பேர் நைஜீரியாவையும் தேர்ந்தெடுத்தனர். 1961 அக்டோபர் 1ஆம் நாள் கூட்டாட்சி அமைந்தது. ஆங்கில மொழி, ஆங்கிலேயச் சட்ட முறை, தனிச் சட்டமன்றம் ஆகியவை நீடிக்கும் என்பதே மக்களின் நம்பிக்கை. 1972இல் நாடு முழுவதற்கும் நடத்தப்பட்ட வாக்கெடுப்பில் கூட்டாட்சி நீக்கப்பட்டு, ஒற்றையாட்சி வந்தது. சிறுபான்மையினருக்கு அளித்த உறுதியை, பெரும்பான்மையினரும் சேர்ந்து வாக்களித்து நீக்கிய நிகழ்ச்சி இது. 2016இல், தம் நீதிமன்றங்களுக்கும் பள்ளிகளுக்கும் பிரெஞ்சு மொழியினர் அனுப்பப்படுவதை எதிர்த்து வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அங்குப் போராடத் தொடங்கினர். அடுத்த ஆண்டே அது ஆயுதப் போராயிற்று.

தெற்குக் கேமரூனில் மக்கள் நேரடியாகவே வாக்களித்தனர். புதுச்சேரியில் 178 பிரதிநிதிகள் மட்டுமே வாக்களித்தனர். முறையை மட்டும் நோக்கினால் தெற்குக் கேமரூனின் இணைப்பே உறுதியானதாக இருந்திருக்க வேண்டும். நேர்ந்தது மறுதலை. ஒன்றில் உறுதிமொழி காக்கப்பட்டது, மற்றொன்றில் கைவிடப்பட்டது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இவ்வேற்றுமை முதன்மையானது என்றே கருதுகிறேன்.

நம் வட்டாரத்தின் அனுபவம்

சித்தூர் மாவட்டம் குடியேற்ற ஆட்சியிலிருந்து தனியே விடுபட்ட பகுதியன்று. ஆயினும் எல்லை மாற்றத்தின் அனுபவம் இதற்கும் உண்டு. 1911இல் வட ஆர்க்காட்டின் பகுதிகளையும் சேர்த்து அமைக்கப்பட்ட இம்மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது அதனுடன் சென்றது. தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகள் சென்னை மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று ம. பொ. சிவஞானம் முதலானோர் போராடினர். பட்டாஸ்கர் நடுவராக அமர்ந்து, கிராமத்தை அலகாகவும், மொழிப் பெரும்பான்மையையும் நில இணைவையும் அளவுகோலாகவும் கொண்டு வழி கண்டார். அதன்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. வேறு சில கிராமங்கள் ஆந்திரத்துக்கு வந்தன.

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் பேசுவோர் ஆந்திரத்தில் உள்ளனர். திருத்தணியில் தெலுங்கு பேசுவோர் தமிழகத்தில் உள்ளனர். தெலுங்கு ஏனாம் தமிழ்ப் புதுச்சேரியின் ஆளுகையில் உள்ளது. எவ்வளவு நுட்பமாக வரைந்தாலும் எந்தக் கோடும் அனைவரையும் தம்தம் பக்கத்தில் நிறுத்திவிடாது. ஆகவே, கோடு எங்கே என்ற கேள்வி ஒருநாள் முடிந்துவிடும். கோட்டுக்கு இப்பால் தங்கிவிட்ட சிறுபான்மையினரின் பள்ளியும், மனுவும், நிலப்பதிவும் எம்மொழியில் அமையும் என்ற கேள்வி நாள்தோறும் எழும். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அம்மாற்றத்தின்பொழுது எத்தனை கோப்புகள், எத்தனை பணியிடங்கள் பிரிக்கப்பட்டன என்பதை இங்குள்ள அலுவலர்கள் நேரில் கண்டவர்கள். ஒரு மாவட்டத்துக்கே அவ்வளவு உழைப்பு வேண்டுமெனில், நாட்டெல்லை மாறுங்கால் வேண்டிய உழைப்பை எண்ணிப் பாருங்கள்.

எஞ்சி நிற்கும் கணக்கு

புதுச்சேரியின் இணைப்பு வெற்றி என்று கூறுவதனால், அனைத்தும் நிறைவுற்றது என்பது பொருளன்று. 2006இல் அதன் பெயர் அதிகாரமுறையில் புதுச்சேரி என மாறியது. மாநிலத் தகுதி வேண்டும் என்று அதன் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. நிதிக் குழுவின் பரிந்துரைகள் மாநிலங்களுக்கே உரியவை. சட்டமன்றம் இருந்தும் ஒன்றியப் பகுதியாக உள்ளமையால் புதுச்சேரிக்கு மத்திய வரிகளில் அவ்வாறான பங்கு இல்லை. மத்திய அரசு தரும் மானியத்தையே அது எதிர்நோக்குகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையிலான அதிகார எல்லையும் அவ்வப்பொழுது பூசலுக்குக் காரணமாகிறது. ஒரு காலத்தில் பல்லாயிரவருக்கு வாழ்வளித்த ஆங்கிலோ பிரெஞ்சுப் பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. தனி நிலையைக் காப்பது மட்டும் வாழ்வாதாரத்தைக் காத்துவிடாது என்பதற்கு இது சான்று. ஒருபுறம் தனித்தன்மை, மறுபுறம் நிதி வலிமை. இரண்டையும் ஒருங்கே தரும் ஏற்பாட்டை இன்னும் காண வேண்டியுள்ளது.

மாணவ நண்பர்களே, இணைப்பின் வரலாற்றைப் படிக்கும்பொழுது கொடியேற்றிய நாளோடு நின்றுவிடாதீர்கள். யாரைக் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், என்ன உறுதி தந்தார்கள், அவ்வுறுதி பின்னர் என்னவாயிற்று என்று தொடர்ந்து கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை ஒப்பந்தங்களிலும் அரசிதழ்களிலும் தீர்ப்புகளிலும் உள்ளது.

அலுவலர்களே, பெரிய ஒப்பந்தங்களைத் தலைவர்கள் கையெழுத்திடுகின்றனர். அவற்றை நிறைவேற்றுவது உங்கள் மேசைகள். ஓய்வூதியக் கோப்பு ஒன்றைக் காலத்தே முடித்தல், சிறுபான்மை மொழியில் வந்த மனுவை ஏற்று அதே மொழியில் விடை தருதல், பழைய பத்திரம் ஒன்றின் செல்லுபடியை மதித்தல் ஆகிய இவையே ஒரு நாடு தன்னை நம்பி வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை. 1954இல் நெட்டப்பாக்கத்திலும் ஏனாமிலும் மாஹேயிலும் எளிய மக்கள் இந்தியாவை நம்பினர். அந்த நம்பிக்கைக்கு ஒவ்வொரு தலைமுறை அலுவலரும் புதிதாகப் பொறுப்பேற்க வேண்டும்.